பெயர் கொடுத்தவர்

மடுமாதா துணை

கொழும்புத்துறை, யாழ்ப்பாணம்
14.01.2024

அன்புத் தம்பி கிறிகோரி அறிவது,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் சுகத்துக்காக ஞாயிறு பூசையில் தவறாமல் மன்றாடுகிறேன். போன மாரியில் உனக்கு முழங்கால் நோ என்று, அங்கே உன்னோடு பழகும் லூர்துவின் தாய் சொன்னா. எண்ணெய் ஏதும் பூசுகிறாயா?

அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. இந்த வீட்டுக் குரல் எதையும் இனிக் கேட்கமாட்டேன் என்று நீ அப்போது சொன்னாய். அதனால் போன் எடுக்கவில்லை. எனக்கும் இப்போது போனில் கதைக்க விருப்பமில்லை. கடிதம் நல்லது.

மகள் யூலியானாவுக்கு இருபத்துநாலு வயதாகிறது. இங்கே பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்து முடித்துவிட்டாள். இத்தாலியில், நீ இருக்கும் பலேர்மோவிலேயே மேற்படிப்புக்கு எழுதிப் போட்டாள். இடம் கிடைக்கும் போலிருக்கிறது. விசாவுக்கு, அங்கே குடியிருக்கும் ஒருவர் ‘இவள் என் வீட்டில் தங்குவாள்’ என்று எழுதிக் கையொப்பம் வைத்துத் தர வேண்டுமாம். அங்கே எங்களுக்கு உன்னைவிட்டால் ஒருவரும் இல்லை.

அவள் உனக்குப் பாரமாக இருக்கமாட்டாள். நன்றாகச் சமைப்பாள். கொஞ்சக் காலம் அவள் இந்த ஊரைவிட்டு வெளியில் நின்றால் நல்லது என்று நினைக்கிறேன்.

அத்தான் உன் சுகம் கேட்டு எழுதச் சொல்லவில்லை. கேட்க விரும்புகிறார் என்று நானாக எழுதுகிறேன்.

உன் அக்கா
றோசமலர்


பலேர்மோ
20.02.2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். முழங்காலுக்கு எண்ணெய் பூசுவதில்லை, குளிசை போடுகிறேன். உங்கள் உறையின் ஓரம் கிழிந்து, திரும்ப ஒட்டப்பட்டு வந்தது. வழியில் மழையில் நனைந்திருக்கும்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில், முடியாது.

காரணம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், பிறகு ஒருவரும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லக் கூடாது. ஆமி பட்டினத்தைப் பிடித்து வைத்திருந்த காலம். தம்பி ஸ்ரீபன் ஒரு பின்னேரம் சைக்கிளில் உங்கள் வீட்டுக்கு வந்தான். ஊரடங்குக்கு முன் திரும்ப முடியாது என்று இரவு அங்கேயே நின்றான். வீட்டில் வெளியாள் தங்கினால் சந்தியில் இருந்த சென்றிக் காவலரணில் பெயர் பதிய வேண்டும் என்பது அப்போது ஆமி போட்ட சட்டம். பாதி யாழ்ப்பாணம் அந்தச் சட்டத்தைக் கண்டுகொள்ளவில்லை. மாமியாரையே அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கணவர் மட்டும் நடந்து போய், ‘மச்சான் ஒருத்தன் நிக்கிறான்’ என்று பெயரும் வயதும் கொடுத்துவிட்டு வந்தார். விடிய வந்து கொண்டுபோனார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. அதன் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை.

ஆமி முகாமுக்குப் பாண் போட்ட உங்கள் பேக்கரிக்காரருக்கு முகாமில் நல்ல பெயர் தேவைப்பட்டது. அதற்கு என் தம்பி செலவானான்.

அவருடைய மகளை நான் என் வீட்டில் வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் இன்னொன்றும் செய்ய வேண்டும். வெளிநாட்டவர் வந்து தங்கினால் இரண்டு நாளுக்குள் வீட்டுக்காரன் குவெஸ்தூராவுக்கு, அதாவது இங்கத்தைய பொலிஸ் கந்தோருக்கு, அறிவிக்க வேண்டும் என்று இங்கேயும் சட்டம் இருக்கிறது. பெயர் கொடுப்பது உங்கள் வீட்டு வழக்கம். என்னுடையதல்ல.

நான் இங்கே மாளிகையில் இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால், ரயில் சத்தத்துக்குள், இரண்டு சின்ன அறையும் ஒரு குசினியும். லிபெர்த்தாத் தெருவில் பணக்காரக் கிழவர் ஒருவரைத் தினமும் குளிப்பாட்டிச் சவரம் செய்து விடுகிறேன். பௌதிகம் படித்தவன். என்னோடு படித்த நகுலேஸ்வரன் லண்டனில் பேராசிரியர். என்னுடைய குறிப்புகளைப் பார்த்து எழுதித்தான் அவன் முதல் வருடம் தாண்டினான். நத்தாருக்கு வாழ்த்து அனுப்புகிறான், எல்லோருக்கும் அனுப்புகிற அதே வாழ்த்து.

வேறு விசேடம் இல்லை.

கிறிகோரி


கொழும்புத்துறை
17.03.2024

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பதை அறிந்து மாதாவுக்கு நன்றி சொன்னேன். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. கிணறு இன்னும் வற்றவில்லை.

உன் கடிதத்தை அத்தானுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. மேசையில் இருந்ததை அவராக எடுத்து வாசித்தார். வாசித்துவிட்டு மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

யூலியானாவுக்குப் பலேர்மோவில் இடம் கிடைத்துவிட்டது. உன் கையொப்பம் ஒன்றுதான் குறை.

வீட்டுக்கு இப்போது ஆட்கள் வந்து போகிறார்கள். இரண்டு பேர், நல்ல துப்புரவான சேட்டுப் போட்டவர்கள், மரியாதையாகக் கதைக்கிறார்கள். யூலியானாவுக்கு என்ன வயது, எங்கே படித்தாள், யார் யாரோடு பழகுகிறாள், பின்னேரத்தில் எங்கே போகிறாள் என்றெல்லாம் கேட்டார்கள். தேத்தண்ணி போட்டேன், வேண்டாம் என்றார்கள். திரும்ப வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த கிழமையே வந்தார்கள்.

ஆனபடியால் யோசித்துப் பதில் எழுது. குளிசையைச் சாப்பிட்ட பிறகு போடு, வெறுவயிற்றில் போடாதே.

அக்கா
றோசமலர்


பலேர்மோ
11.04.2024

அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமென்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது.

துப்புரவான சேட்டோடு வந்து, பெட்டையின் வயதும் படிப்பும் பழக்கவழக்கமும் விசாரித்துவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியாதா? சீதனம் பேசி முடியும்வரை கை நனைக்கக் கூடாது என்று நினைக்கிற மாப்பிள்ளை வீட்டார். இரண்டாம் முறையும் வந்திருக்கிறார்கள் என்றால் பிடித்துவிட்டது. கட்டிக் கொடுங்கள். பலேர்மோவுக்கு அனுப்பிக் கெடுக்க வேண்டாம்.

நீங்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டீர்கள் போலும். போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வர, துறைமுகத்தில் வேலை செய்கிற லூர்து என்னைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன அண்ணை, மருமகள் வாறாவாம்?”

“ஆர் சொன்னது?”

“அம்மா சொன்னவ.”

“கொம்மாவுக்கு வேறை வேலையில்லையோ?”

“அண்ணை, தனி ஆளுக்கு இரண்டு அறை. மற்ற அறையை ஆருக்குப் பூட்டி வைச்சிருக்கிறியள், எலிக்கோ?”

பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பங்குச் சபைத் தேர்தலில் எனக்கு வாக்குப் போடாத அதே ஆட்கள்.

நான் பார்க்கும் கிழவர், அமெரிக்க ஆமி பலேர்மோவைப் பிடித்தபோது சின்னப் பெடியனாம். அதற்கு முன் பாசிஸ்டுகள், ஜேர்மன்காரர். ‘யார் வந்தாலும் வீட்டுக் கதவைத் தட்டி முதலில் பெயர்தான் கேட்பார்கள்’ என்று சவரம் செய்யும்போது சொன்னார். அசைய வேண்டாம், வெட்டிவிடும் என்றேன்.

கிறிகோரி


கொழும்புத்துறை
02.05.2024

தம்பி,

நாங்கள் சுகம். உன் சுகத்தை விரும்புகிறோம்.

வந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார் அல்ல. மாப்பிள்ளை வீட்டார் பிள்ளையின் போனை வாங்கிக்கொண்டு போகமாட்டார்கள்.

நீ படித்தவன். இதற்குமேல் என்னை எழுத வைக்காதே.

அக்கா


பலேர்மோ
18.06.2024

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். அங்கே எல்லோரும் பத்திரமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்து கனநாள். பதில் எழுதப் பிந்தியதற்குக் காரணம் எழுதமாட்டேன். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், அந்தச் சேட்டுகளை நான் கடிதத்திலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இத்துடன் தங்குமிடக் கடிதமும் என் அடையாள அட்டைப் பிரதியும் இருக்கின்றன. லூர்துவின் மனைவி கணினியில் அடித்துத் தந்தா, நான் கையொப்பம் வைத்தேன். கடிதம் விசாவுக்கு மட்டும்தான். அவள் வந்து ஒரு மாதம் இருக்கலாம், பிறகு மாணவர் விடுதி பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுடைய தகப்பன் எனக்குப் போன் எடுக்கக் கூடாது. இது அவருக்காகச் செய்ததல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேசையில் வைத்துவிடுங்கள், எடுத்து வாசிப்பார்.

இங்கே வெயில் கடுமை. குளிருக்குத் தடித்த சட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். பலேர்மோவில் குளிர் இல்லை என்று சொல்பவர்கள் பொய்யர்கள்.

கிறிகோரி


கொழும்புத்துறை
20.08.2024

அன்புத் தம்பி கிறிகோரிக்கு மாதாவின் ஆசீர் நிறைய வேண்டும்.

விசா கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் வருகிறாள். இந்தக் கடிதத்தை லூர்துவின் கையில் தருகிறேன். மடுத் திருவிழாவுக்கு வந்தவன், நாளை போகிறான். தபாலில் போகாதபடியால் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

காணாமற்போனவர்களின் தாய்மார் வீதியோரம் கொட்டகை போட்டு இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பாய். அம்மா இருந்தால் அம்மா போயிருப்பா. ஸ்ரீபனின் படத்தோடு நான் போய் இருந்தேன். எனக்கு நெடுநேரம் இருக்க ஏலாமல் போனதும் யூலியானா போனாள். அவள் அவனைக் கண்டதேயில்லை. அவனைக் கொண்டுபோய் நாலு வருடம் கழித்துப் பிறந்தவள். ‘ஆருக்காகப் பிள்ளை இருக்கிறீர்?’ என்று கொழும்பிலிருந்து வந்த நிருபர் கேட்க, ‘என்ர மாமாவுக்காக’ என்றாள். அது படத்தோடு பேப்பரில் வந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் புலனாய்வுக்காரர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள்.

ஸ்ரீபனின் சின்னப் படத்தைப் பெரிதாக்கி, மழை படாமல் பிளாஸ்டிக் அடித்து, பிடிக்கத் தடி பூட்டிக் கொடுத்தது அத்தான். ஆனால் ஒருநாளும் அந்தக் கொட்டகைக்கு வந்ததில்லை. ‘நான் வந்து இருந்தால் மற்றச் சனம் எழும்பிப் போயிடும்’ என்பார். ஆமிக்குப் பாண் போட்டவர் என்ற கதை உன்னிடம் மட்டும் இல்லை, தம்பி. பாண் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு இந்த ஊரில் இருக்க அப்போது யாரால் முடிந்தது?

அந்தப் பின்னேரத்தைப் பற்றியும் எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையில் பெயர் பதியாத ஆள் அகப்பட்ட ஒரு வீட்டில், சில நாட்களுக்கு முன்தான் இருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அத்தான் படலையடியில் நின்று ஸ்ரீபனைக் கேட்டார், “என்னடா செய்வம்?” அவன் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். “குடுங்கோ அத்தான். நான் ஒரு பிழையும் செய்யேல்லைத்தானே” என்றான். நான் குசினி வாசலில் நின்று கேட்டேன்.

இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று அத்தான் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாத பிள்ளையின் தலையில் பழியைப் போடக் கூடாது என்றார். சத்தியத்தை இன்று மீறுகிறேன், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்வேன்.

பெயர் கொடுக்காமல் விட்டிருந்தால் தப்பியிருப்பானா என்று எனக்குத் தெரியாது. கொடுத்ததால்தான் போனானா என்றும் தெரியாது. உனக்குத் தெரியும் போல எழுதுகிறாய்.

பிள்ளையைப் பார்த்துக்கொள். பயந்தவள் போலத் தெரியாது, ஆனால் பயந்திருக்கிறாள்.

அக்கா
றோசமலர்


பலேர்மோ
29.09.2024

அக்காவுக்கு,

இருவரும் சுகம். யூலியானா வந்து சேர்ந்ததைப் போனில் சொல்லியிருப்பாள். லூர்து கொண்டுவந்த கடிதமும் கிடைத்தது. அதைப் பற்றி இப்போது எழுதவில்லை.

விமான நிலையத்தில் என்னைக் கண்டதும், “மாமா, படத்திலை இன்னும் கொஞ்சம் தலைமயிர் இருந்தது” என்றாள். பயந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். ரயிலில் ஏறி இறங்கும்வரை வாய் மூடவில்லை. வீட்டுக்குள் வந்து, சன்னல் எங்கே பார்க்கிறது, பின்வாசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இருந்தாள். பக்கத்து வீட்டுச் சிஞ்ஞோரா உப்புக் கேட்டுக் கதவைத் தட்ட, இவள் அறைக்குள் போய்விட்டாள். “இஞ்சையும் வந்து கேப்பினமா, மாமா?” என்றாள். உப்பு மட்டும்தான் கேட்பார்கள் என்றேன்.

மறுநாள் சோறு போட்டுக்கொண்டு சொன்னாள்:

“மாமா, நாளைக்குக் குவெஸ்தூராவுக்குப் போய் என்ர பேர் குடுக்கோணுமாம். லூர்து மாமா சொன்னவர்.”

“பாப்பம்.”

“பாக்க நேரமில்லை. இரண்டு நாள்தானாம்.”

“இந்த ஊரிலை எத்தினை பேர் பதியாமல் இருக்கினம் தெரியுமே? ஒருத்தரும் செத்துப் போகேல்லை.”

“பதியாட்டி இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸோ அனுமதி தராமல் என்னைத்தான் திருப்பி அனுப்புவாங்கள். அங்கை ஆர் பாத்துக்கொண்டிருக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?”

நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

“குடுங்கோ மாமா. நான் என்ன களவெடுத்தனானே?”

அதன் பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. மீன் நல்லாய் இல்லையோ என்று கேட்டாள். நல்லாய்த்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை கிழவரின் மகனிடம் அனுமதி கேட்டேன். ஒரு மணித்தியாலத்துக்காகப் பெரிய முகம் காட்டினார். போனோம். உத்தியோகத்தர் இளம் ஆள், மரியாதையானவர். தங்குபவரின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனை எழுதவில்லை என்றேன். வேறு பேனை தந்தார். அதுவும் எழுதவில்லை என்றேன். அவர் அதை வாங்கித் தன் கையில் கீறிப் பார்த்தார், நன்றாக எழுதியது. என்னைப் பார்த்தார். யூலியானா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுதினேன். முத்திரை குத்தித் தந்தார். அவ்வளவுதான்.

அன்று நான் நித்திரை கொள்ளவில்லை. விடிந்தது. ஒருவரும் வரவில்லை. அவள் எழும்பி வந்து தேத்தண்ணி போட்டாள்.

மாணவர் விடுதியில் இப்போது இடமில்லையாம். இருக்கட்டும்.

கிறிகோரி


கொழும்புத்துறை
27.10.2024

அன்புத் தம்பிக்கு,

மாதாவின் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும்.

உனக்கு மறைத்து வைக்க ஏலாது. வேறு யாராவது சொல்லி நீ அறிவதைவிட நானே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை வழியில் யார் வாசித்தாலும் பரவாயில்லை, அவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

திரும்பவும் வந்தார்கள். “மகள் எங்கே?” என்று கேட்டார்கள். நான் ‘கொழும்பில்’ என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தான் முந்திக்கொண்டார்.

“இத்தாலியிலை. படிக்கப் போயிட்டாள்.”

“ஆரோடை நிக்கிறா?”

நான் கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. “தாய்மாமனோடை. கிறிகோரி. பலேர்மோ” என்று சொல்லி, தெருவின் பெயரும் இலக்கமும் சொல்லிவிட்டார். எழுதிக்கொண்டு போனார்கள். நீ எந்த வருடம் போனாய், என்ன படித்தாய் என்றும் கேட்டார்கள்.

அவர்கள் போன பிறகு நான் சத்தம் போட்டேன். இத்தனை வருடத்தில் நான் போடாத சத்தம். “ஒருக்கால் குடுத்தது காணாதே? மற்றத் தம்பியையும் குடுத்திட்டியள்” என்றேன். “பொய் சொன்னால் பெட்டை திரும்பி வாற நேரம் பிடிச்சு வைச்சுக் கேப்பாங்கள், றோசம். ஒளிச்சு வைச்ச பிள்ளையே அவள்? சொந்த மாமன் வீட்டிலை நிக்கிறாள்” என்றார். பிறகு பேக்கரிக்குப் போனவர், இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

இனி நீ இங்கே வந்தால் உன்னையும் விமான நிலையத்தில் கேட்பார்கள். அதற்கு நான் என்ன சொல்ல? எங்கள் மேல் உள்ள கோபத்தை எங்கள் மேலேயே வைத்துக்கொள். அந்தப் பிள்ளையை மட்டும் வெளியில் விட்டுவிடாதே.

அக்கா
றோசமலர்


பலேர்மோ
20.11.2024

மரியாதைக்குரிய பவுல் அத்தானுக்கு,

நான் சுகம். யூலியானாவும் சுகம்; போன கிழமை தடிமன் வந்து மாறிவிட்டது. உங்களுக்கு இரத்த அழுத்தம் என்று அவள் சொல்லித்தான் தெரியும். உப்பைக் குறையுங்கள்.

என் பெயரைக் கொடுத்தீர்கள் என்று அக்கா எழுதியிருந்தா. அந்தக் கடிதத்தை நான் வேலைக்குப் போகும் வழியில் வாசித்தேன். அன்று கிழவருக்குச் சவரம் செய்யவில்லை. கை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு கிழமை ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. யூலியானாவுக்கும் விசயம் தெரியும். அவள் தன் பெட்டியை அடுக்கி வைத்திருந்ததைப் பிறகுதான் கண்டேன். திரும்ப எடுத்து அலுமாரியில் வைக்கச் சொன்னேன்.

ஸ்ரீபனின் விசயத்தில் என் மனம் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அவனைக் கேட்டிருக்கக் கூடாது. பத்தொன்பது வயதுப் பெடியன் வேறு என்ன சொல்வான்? அவனை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டுப் படலையைச் சாத்தியிருக்கலாம். சாத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். அது எனக்கும் தெரியாது. இதைக் கடிதத்தில் கதைக்க ஏலாது. அடுத்த மாரிக்கு நான் அங்கே வருவேன், நேரில் கதைப்போம். விமான நிலையத்தில் கேட்பவர்கள் கேட்கட்டும். நான் எந்த வருடம் போனேன், என்ன படித்தேன் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நீங்கள் கொடுத்த முகவரி அரைகுறை. கடிதம் வருவதற்குத் தெருவும் இலக்கமும் போதும், ஆள் வருவதற்குப் போதாது. வியா ஓரெத்தோவில் இந்தக் கட்டடத்தில் மூன்றாம் மாடி, இடது பக்கக் கதவு. கீழ்வாசல் மணியில் இதுவரை என் பெயர் இருக்கவில்லை. எனக்கு முன்னே குடியிருந்தவரின் பெயர்தான் இருந்தது. நான் வந்த நாள் தொடக்கம் அதை மாற்றவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்களும் அந்தப் பட்டினத்தில் இருந்தவர்.

இன்று பின்னேரம் அதை உரித்து எடுத்தேன். யூலியானா எங்கள் இருவரின் பெயரையும் எழுதி ஒட்டினாள், முழுப் பெயராக. இனி வருகிறவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சான்
கிறிகோரி